பத்து நாற்பது நடுக்கம்

டீச்சர் வாயில் ஸ்கெட்ச் பேனாவைக் கவ்வியபடி மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கை, மணல் நிரப்பிய பால்மாவு டப்பாவைத் தாங்கிப் பிடித்திருந்தது. மறு கை அதை ஸ்பிரிங்கில் மாட்டப் போராடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் மூன்றாவது தடவையாக நழுவியது.

மணி பத்து முப்பத்தாறு.

"இன்னும் நாலு நிமிஷம் டீச்சர்," என்றது தலைக்கு மேலிருந்து ஒரு குரல்.

"கடிகாரத்தைப் பார்க்காதே. பேப்பர் சுருளைப் பிடி."

பேனா வாயில் இருந்ததால் பாதிச் சொல் பல்லோடு நின்றுவிட்டது. ஆனாலும் சந்தேகத்துக்குப் புரிந்தது. சந்தேகம் என்பது அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் பட்டப்பெயர். வருகைப் பதிவு எடுக்கும்போதே கை தூக்கி, "நான் வந்திருக்கேன்னு நீங்க எப்படி நிச்சயமா சொல்றீங்க?" என்று கேட்ட ஆசாமி அவள்.

"டீச்சர், அது வரலைன்னா?"

"பதினாலு நாளா தவறாம வந்திருக்கு. இன்னிக்கும் வரும்."

வந்தாக வேண்டும். பதினோரு மணிக்குக் கட்டட அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வருகிறார். கையில் பெரிய பூட்டு, அரக்கு, உத்தரவுக் கடிதம். மூன்றாம் மாடியை இழுத்துப் பூட்டி முத்திரை வைப்பதாக நேற்றே தகவல் வந்துவிட்டது. முத்திரை விழுந்தால் இருநூற்று நாற்பது பிள்ளைகள் வெயிலில் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். அது ஒரு பக்கம். மறு பக்கம் அவள் வீட்டு விஷயம்.

அந்த மாடியைக் கட்டிய மேஸ்திரி அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். அந்த மாடி நடுங்குகிறது என்று உலகத்துக்குச் சொன்னது அவளுடைய டப்பா.

எல்லாம் நிலநடுக்கப் பாடத்தில் ஆரம்பித்தது. டீச்சருக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டிப் பழக்கமில்லை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, முன்னால் நிற்பவர் தோளில் கை போடச் சொல்லி, கடைசி ஆளை ஒரு தள்ளு தள்ளுவாள். தள்ளு வரிசை முழுக்க ஓடி முதல் ஆளை முட்டும். "இது தள்ளு அலை. முதல்ல வர்ற ஆளு. சத்தம் போட்டுட்டு ஓடிடும்." அப்புறம் கடைசி ஆளைப் பக்கவாட்டில் உலுக்குவாள். வரிசை பாம்பாக நெளியும். "இது ஆட்டு அலை. லேட்டா வரும். வீட்டைச் சாய்க்கிறது பெரும்பாலும் இந்த ஆளுதான்."

ஐஸ் குச்சிகளில் கோபுரம் கட்டவைத்து, கோலிக்குண்டுகள் மேல் வைத்த தட்டில் ஏற்றி ஆட்டினாள். குறுக்குக் குச்சி வைத்த கோபுரம் நின்றது. வைக்காத கோபுரம் படுத்தது. அண்ணனையே ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிவந்தாள். தூணுக்குள் சுற்றும் கம்பி வளையத்தைக் கொண்டுவந்து, அதன் முனைகளை உள்பக்கமாகக் கொக்கிபோல மடக்கிக் காட்டினான். "இதை ரிங்னு சொல்லுவோம். இந்தக் கொக்கியைச் சோம்பேறித்தனமா வெளியில விட்டா, ஆட்டத்துல ரிங் வாயைப் பிளந்துடும். கட்டடம் விறைப்பா நிக்கக் கூடாது கண்ணுங்களா. வளையணும், ஆனா விழக் கூடாது." பிள்ளைகள் அவனைச் சினிமா நட்சத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பாடத்தின் கடைசியில் டப்பா வந்தது. ஸ்பிரிங்கில் மணல் டப்பா தொங்கும். அதன் இடுப்பில் ஸ்கெட்ச் பேனா. பேனா முனையைத் தொட்டபடி, கடையில் பில் அடிக்கும் காகிதச் சுருள். ஒருவர் சுருளைச் சீராக இழுக்க வேண்டும். தரை அமைதியாக இருந்தால் நேர்கோடு. அசைந்தால் பல்லுப் பல்லாக விழும்.

பள்ளி முழுக்க நிலநடுக்க ஒத்திகை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சுக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொண்டார்கள். மறுநாள் புதன்கிழமை, காலை இடைவேளையில், வேறு ஆளே இல்லாத மூன்றாம் மாடியில், டீச்சர் கண்ணெதிரே டப்பா தானாக ஆடியது. பத்து நாற்பதுக்கு. இருபது விநாடி.

வியாழன், அதே பத்து நாற்பது. முப்பது விநாடி. அடுத்த வாரம் ஒரு நிமிடம். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. மேஜைமேல் வைத்த தம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது. நேற்று இரண்டரை நிமிடம்.

நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. கட்டடம் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது என்று பெற்றோர் முடிவு கட்டிவிட்டார்கள். காகிதச் சுருள் படம் வீடு வீடாகப் போனது. இருபது பேர் கையெழுத்துப் போட்டுக் கட்டட அலுவலகத்துக்கு மனுப் போட்டார்கள்.

அண்ணன் மூன்று நாளாக அவளிடம் பேசவில்லை. கடைசியாகப் பேசியது போனில்.

"முப்பது வருஷம் வேலை பாத்திருக்கேன். ஒரு படிக்கட்டு மேல கூடக் குறை வந்ததில்லை. கடைசியில ஒரு பால்மாவு டப்பா என் பேரைக் கெடுத்துருச்சு. நல்லா இரு பாப்பா."

அதற்கப்புறம் வைத்துவிட்டான்.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாள். ஜெனரேட்டரை நிறுத்தினாள். தெருவில் லாரி போகிறதா என்று ஆள் வைத்துப் பார்த்தாள். இடைவேளையில் மாடிக்குப் பிள்ளைகள் வரக்கூடாது என்று தலைமையாசிரியரே பலகை எழுதி மாட்டியிருந்தார்; ஒரு ஈ காக்கை கிடையாது. அவரிடமே போய்க் கேட்டாள்.

தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சைலன்ஸ். நல்ல மனிதர், பெரிய உடம்பு, சின்னக் குரல். நாளைக்கு நூறு தடவை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவார்.

"மாடி ஆடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் நாள் தவறாம மேல போய்ட்டுத்தான் வர்றேன். எனக்கு ஒரு தடவைகூட எதுவும் தெரிஞ்சதில்லையே டீச்சர். பிரமையா இருக்குமோ?"

காகிதத்துக்குப் பிரமை வராது. நேற்று ராத்திரி விழுங்கிய சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் தலையில் தானே அடித்துக்கொண்டாள். வகுப்பில் கத்திக் கத்திச் சொன்ன பாடத்தை அவளே மறந்துபோனாளே. நிலநடுக்கம் எங்கே பிறந்தது என்று ஒரு கருவியை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று வேண்டும். ஒரு டப்பாவை மட்டும் கேட்டுக்கொண்டு பதினாலு நாள் ஓட்டியிருக்கிறாள்.

அதனால்தான் இன்றைக்கு மூன்று டப்பா. மேற்குக் கோடியில் அறிவியல் அறை, நடுவில் தாழ்வாரம், கிழக்கே நூலகம்.

ஸ்பிரிங் கடைசியில் மாட்டிக்கொண்டது. அவள் எழுந்து நூலகத்துக்கு ஓடினாள். போகிற போக்கில், அறிவியல் அறை டப்பாவோடு நின்ற வாயாடிப் பையன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "லொடலொடா, தயாரா?"

"எப்பவோ தயார் டீச்சர், பேனா மூடியைத் திறந்துட்டேன், சுருளையும் நேரா வச்சுட்டேன், டப்பா கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு, அதுக்கு நான் என் அழிரப்பரை—"

"வாயை மூடிட்டு இழு."

பத்து நாற்பது. நேர்கோடு. பத்து நாற்பது தாண்டி அரை நிமிடம். இன்னும் நேர்கோடு. இன்றைக்கென்று பார்த்து வராமல் போனால்?

பேனா துள்ளியது.

காலுக்கடியில் தரை மெல்லத் துடித்தது. அலமாரிக் கண்ணாடி பேச ஆரம்பித்தது. அவள் சுருளைச் சீராக இழுத்தாள். பல்லுப் பல்லாகக் கோடு விழுந்தது. ஒவ்வொன்றும் விரல் நகம் உயரம். இரண்டு நிமிடம். இரண்டரை. பத்து நாற்பத்து மூன்றுக்குச் சட்டென்று நின்றது.

"கொண்டா, கொண்டா."

மூன்று சுருள்களும் தாழ்வாரத் தரையில் விரிந்தன. லொடலொடாவின் காகிதத்தில் பல் கடுகு உயரம்கூட இல்லை. சந்தேகத்தின் காகிதத்தில் ஒரு நெல் உயரம். நூலகத்தில் விரல் நகம்.

"அலை தூரம் போகப் போக என்ன ஆகும்?"

"களைச்சுப் போயிடும்," என்றாள் சந்தேகம். "அப்போ நூலகத்துக்குப் பக்கத்துல. ஆனா எந்தப் பக்கத்துல டீச்சர்?"

தீ விபத்து நேர்ந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று காட்டும் வரைபடம் சுவரில் தொங்கியது. டீச்சர் அதைக் கழற்றித் தரையில் போட்டாள். மூன்றாம் மாடி முழுக்க அதில் இருந்தது. காம்பஸ் எடுத்து நூலகத்தை மையமாக வைத்து ஒரு சின்ன வட்டம், தாழ்வாரத்திலிருந்து ஒரு நடுத்தர வட்டம், அறிவியல் அறையிலிருந்து ஒரு பெரிய வட்டம். கணக்கு உத்தேசம்தான். ஆனால் மூன்று கோடுகளும் ஒரே சின்னக் கட்டத்தில் போய் மோதின.

பதிவேட்டு அறை.

"அது எப்பவும் பூட்டித்தானே இருக்கும்?" என்றான் லொடலொடா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒற்றை வரியில் நிறுத்தினான்.

சந்தேகம் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். "டீச்சர், ஒரு நிமிஷத்துக்கு நூத்து இருபது பெரிய பல்லு. ஒவ்வொரு பெரிய பல்லுக்கு அப்புறமும் ரெண்டு சின்னப் பல்லு. நிலநடுக்கம் இவ்வளவு ஒழுங்கா வருமா?"

வராது. பூமிக்குத் தாளம் தெரியாது. இது தாளம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். இன்ஜினியர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். ஐம்பதைத் தொட்ட அம்மாள், தலையில் மஞ்சள் தொப்பி, கையில் பை. பைக்குள் பூட்டு இடித்துக்கொண்டு வந்தது. அவருக்குப் பின்னால் அண்ணன். சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் போட்டிருந்தான். தங்கையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"எல்லாரும் கீழ இறங்குங்க," என்றார் இன்ஜினியர். "பிள்ளைங்க இங்க என்ன பண்றாங்க? மாடியைக் காலி பண்ணச் சொல்லி எழுதியிருந்தேனே."

"மேடம், ஒரே ஒரு நிமிஷம். இது எங்கிருந்து வருதுன்னு—"

"எங்கிருந்து வந்தா என்னம்மா, கட்டடம் ஆடுதா இல்லையா?"

அந்தக் கேள்விக்குக் கட்டடமே பதில் சொன்னது. கண்ணாடிகள் மறுபடி கிணுகிணுத்தன. தாழ்வார டப்பா துள்ளியது. அண்ணனின் முகம் சாம்பலாகியது. உள்ளங்கையைத் தூணில் வைத்து, ஜுரம் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ரெண்டாவது ரவுண்டு," என்றாள் டீச்சர். "வாங்க."

யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் நடந்தாள். இன்ஜினியர் பின்னால், அண்ணன் அவருக்குப் பின்னால், பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால். பதிவேட்டு அறையை நெருங்க நெருங்கத் துடிப்பு உள்ளங்காலில் ஏறியது. கதவில் வெளிப்பூட்டு இல்லை. உள்ளே தாழ்ப்பாள்.

டீச்சர் கதவைத் தட்டினாள்.

துடிப்பு நின்றது. வெட்டி எடுத்ததுபோல நின்றது. உள்ளே எதையோ அவசரமாக இழுக்கும் சத்தம். பெருமூச்சு. மறுபடி பெருமூச்சு. தாழ்ப்பாள் விலகியது.

தலைமையாசிரியர் நின்றார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. கால் வெறுங்கால். மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி படிந்ததுபோல ஆவி. பழைய கோணிப்பை தரையில் விரிந்து கிடந்தது. அவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கையிலிருந்து ஸ்கிப்பிங் கயிறு ஒன்று கணுக்கால்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லார் கண்ணும் அந்தக் கயிற்றுக்குப் போயின.

"சைலன்ஸ்," என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

லொடலொடாதான் முதலில் சிரித்தான். சந்தேகம் அவன் வாயைப் பொத்திவிட்டுத் தன் வாயையும் பொத்திக்கொண்டாள். அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து மெல்லக் கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் குலுங்கியது சிரிப்பாலா வேறெதாலா என்று டீச்சருக்கு முதலில் தெரியவில்லை.

"எவ்வளவு நாளா சார்?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"பதினஞ்சு நாள். முதல் நாள் இருபது விநாடியிலேயே மூச்சு வாங்கிருச்சு. இப்போ ரெண்டரை நிமிஷம் போறேன். நாளைக்கு மாடி பூட்டியிருக்குமேன்னு இன்னிக்கு ரெண்டு ரவுண்டு." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் கலந்துவிட்டது.

நாளுக்கு நாள் நீண்ட நடுக்கம். இருபது பேர் கையெழுத்துப் போட்டுப் பயந்தது இவருடைய மூச்சுப் பயிற்சிக்கு.

"ஏன் சார், மாடி ஆடுறப்போ உங்களுக்குத் தெரியலையா?" என்றாள் சந்தேகம்.

"நான் காத்துல இருப்பேன், இல்லைன்னா இறங்கிட்டு இருப்பேன். ரெண்டுலயும் எப்படிம்மா தெரியும்?"

"பத்து நாற்பதுன்னு பள்ளிக்கூடமே பேசுச்சே சார்," என்றாள் டீச்சர்.

"எங்கிட்ட யாரும் மணி சொல்லலை. மனுவில 'காலை வேளையில்'னுதான் எழுதியிருந்துச்சு. நான் வேலை பாக்கறதே காலை வேளையிலதான்."

இன்ஜினியர் மஞ்சள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சிரிப்பை அதற்குள் அழுத்திவைத்ததுபோல இருந்தது. பையைத் திறந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துத் தரையில் வைத்தார். "சார், இன்னொரு தடவை குதிங்க."

"இப்போவா? பிள்ளைங்க முன்னாலயா?"

"அலுவலக விசாரணை சார்."

தலைமையாசிரியர் குதித்தார். கருவியும் குதித்தது. இன்ஜினியர் நிறுத்தச் சொன்னார், முள் அசையாமல் படுத்துக்கொண்டது. மூன்று தடவை அப்படிச் செய்துபார்த்தார். பிறகு அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தூணையும், ஒவ்வொரு உத்தரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழே இறங்கித் தளத்தின் அடிவயிற்றையும் பார்த்தார். டீச்சர் நகத்தைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். முக்கால் மணி நேரம்.

"மயிரிழை விரிசல்கூட இல்லை," என்றார் கடைசியில். "பக்கத்து ஹாலுக்குக் குறுக்குச் சுவர் வேண்டாம்னு பள்ளிக்கூடம் கேட்டிருக்கு. அதனால இந்தப் பக்கம் தளம் நீளம். நீளமான தளம் கொஞ்சம் துள்ளும். இந்தத் தளம் மூணு ஆட்டம் ஆடி முடிக்கிற நேரத்துல சார் சரியா ஒரு குதி குதிச்சிருக்கார். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி. வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைச்சோ குதிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்போ விழாதா?" என்றாள் சந்தேகம்.

"கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னால ஒவ்வொரு தூணோட கம்பியையும் படம் எடுத்துக் கோப்புல வச்சிருக்கார் மேஸ்திரி. ஒரு ரிங்குல கூடக் கொக்கி வெளியில இல்லை. வளையும், விழாது." அவர் பூட்டைப் பைக்குள் போட்டார். "நான் என் வீட்டுக்குக் கூட இவ்வளவு பாத்துக் கட்டலை."

அண்ணன் முதல்முறையாகச் சட்டையைக் குனிந்து பார்த்து, பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் போட்டான். தங்கையின் பக்கம் திரும்பினான்.

"மூணு டப்பா முதல்லயே வச்சிருந்தா எனக்கு மூணு நாள் தூக்கம் மிச்சம்."

"நீ போனை எடுத்திருந்தா நான் அப்பவே புலம்பியிருப்பேன். புலம்பினா எனக்கு யோசனை வரும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் எடுக்கலை. உன் புலம்பலுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்." அவன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். சின்ன வயதில் வைக்கும் அதே அளவு, அதே இடம். மூன்று நாளுக்கப்புறம் அவளுக்குப் பசித்தது.

இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினார். பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள்; செய்தி அவர்களுக்கு முன்னால் ஓடியிருக்கும். தலைமையாசிரியர் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் கதவருகே நின்றாள். அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"சார், டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரா? இல்லையே."

"அப்போ ஏன் அந்தப் புதன்கிழமை? ஒத்திகைக்கு மறுநாள்?"

கயிறு சுருளுவது நின்றது. ஒத்திகை அன்று எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் இருந்தார்கள். இவர் மட்டும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். யாராவது நேரம் பார்க்க வேண்டாமா என்றார். அப்போது அது பொருத்தமாகத்தான் பட்டது.

"அண்ணனையும் கூப்பிடுங்க," என்றார் அவர். "கட்டட விஷயம்தான்."

அண்ணன் வந்தான். தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார். குரல் இன்னும் சின்னதாகியது.

"மாசக் கடைசியில அடுத்த ஒத்திகை. எல்லா ஒத்திகையிலயும் தலைமையாசிரியரே முதல்ல மேஜைக்கு அடியில புகுந்து பிள்ளைங்களுக்கு வழி காட்டணும்னு சுற்றறிக்கை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில, யாரும் வர்றதுக்கு முன்னால, நான் தனியா ஒரு தடவை பழகிப் பாத்தேன்." அவர் தன் வயிற்றைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். "மேஸ்திரி, மேஜைக்கு அடியில எனக்கு இடம் பத்தலை. பாதியில மாட்டிக்கிட்டேன். காவல்காரர் வந்துதான் மேஜையைத் தூக்கி என்னை வெளியில எடுத்தார்."